மாவட்டத்தில் இரண்டாம் இடம் பெற்ற மாணவிக்கு 35 வயதாகிறது

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

"பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவள் நான். எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் சாமையும் வீட்டுக்கு, வரப்போரப் புளிய மரங்கள் கைச்செலவுக்கு என்று வளர்ந்தோம். 2006இல் பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றேன். ஆட்சியரிடம் பரிசு வாங்கும் படம் நாளிதழில் வந்தது. அப்பா அதைச் சட்டமிட்டுத் திண்ணைச் சுவரில் மாட்டினார். இன்றும் அது அங்கேயே இருக்கிறது. பிளஸ் டூவில் 1200க்கு 1142 மதிப்பெண். சென்னைக்குப் போய்க் கணிதம் படித்து ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டேன். வீட்டு நிலைமை தருமபுரி அரசு கலைக் கல்லூரியோடு நிறுத்திவிட்டது. எம்.எஸ்சி. முடித்த 2013இல் குரூப் 4 எழுதி, அடுத்த ஆண்டே வேலைக்கு வந்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். தினமும் தருமபுரியிலிருந்து பேருந்தில் போய் வருகிறேன். என் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், தங்கைக்குத் திருமணம் நடந்தது, நிலத்தில் போர் போட்டோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிறு மாலை வந்தால் நெஞ்சில் கல் ஏறிக்கொள்கிறது. போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில், என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த தோழி மேடையில் சிறப்பு விருந்தினர். பெங்களூரில் விஞ்ஞானியாக இருக்கிறாள். எங்கள் ஆசிரியை என்னைப் பார்த்து, 'நீ எங்கேயோ போவாய் என்று நினைத்தேனே' என்றார். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. அலுவலகத்தில் குரூப் 1 எழுதச் சொல்கிறார்கள். மாமா, 'ராமானுஜனும் குமாஸ்தாதானே' என்று தேற்றுகிறார். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் புத்தகம் வாங்கி 4 ஆண்டுகள் ஆயிற்று, விண்ணப்பிக்கவே இல்லை. மகளையாவது விட்டுவிடக் கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே அவளை நெருக்குகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எதிர்வீட்டுப் பிளஸ் டூ பையன் தனக்கு வராத கணக்குகளைக் கொண்டுவந்து கொடுப்பான். அவற்றோடு இரவு ஒரு மணி வரை உட்கார்ந்துவிடுகிறேன். அது ஒரு வீண் பழக்கம்."

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். அதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரியை நீங்கள் கடைசியில், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், "குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று நீங்களே உங்கள் வாயை அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் பக்கத்தில் மாதச் சம்பளம் என்பது வானத்தைப் பார்க்காத வெள்ளாமை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண், முதல் தேதியில் கைக்கு வரும் பணத்தை எளிதாக எண்ண மாட்டாள், எண்ணவும் கூடாது. தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், நிலத்தில் ஊறிய தண்ணீர் ஆகிய மூன்றும் உங்கள் 11 ஆண்டுகளில் விளைந்தவை. இவற்றைச் செய்து முடித்த காலத்தை "வீணாய்ப் போன காலம்" என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் சம்பளத்துக்கு நன்றியோடு இருப்பதும் அந்த வேலையில் மனம் நிறையாமல் இருப்பதும் ஒரே மனத்தில் ஒன்றாக இருக்கக்கூடியவை. அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேட்டி கண்டு 1959இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. சம்பளமும் பாதுகாப்பும் குறைந்தால் மனிதர் வருந்துகிறார். அவை நிறைந்திருந்தால் வருத்தம் தீர்கிறதே தவிர, மனநிறைவு அதனால் தானாக வந்துவிடுவதில்லை. மனநிறைவு பெரும்பாலும் செய்யும் வேலையின் உள்ளிருந்து, அதாவது அது கேட்கும் உழைப்பிலிருந்தும் அது தரும் வளர்ச்சியிலிருந்தும் வருகிறது. ஆகவே ஞாயிறு மாலை ஏறும் அந்தக் கல்லுக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது திண்ணைச் சுவரில் இருக்கும் படத்துக்கு வருவோம். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது உங்களுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புப் பாடத்தை மிக நன்றாகக் கற்று, பிழையில்லாமல் எழுதிய ஒரு சிறுமியைத்தான் அது காட்டுகிறது. அதைப் பார்த்த ஊர், ஆசிரியர்கள், உறவினர் எல்லோரும் அதற்குள் ஒரு வாக்குறுதியைப் படித்துக்கொண்டார்கள். அந்த வாக்குறுதியை நீங்கள் கொடுக்கவில்லை. 500 மதிப்பெண் தேர்வு ஒருவர் எந்தத் துறையில் எதைக் கண்டுபிடிப்பார் என்று அளப்பதற்காக ஏற்பட்டதும் அன்று. மாணவர்களுக்குள் வளரும் ஆரோக்கியமற்ற போட்டியைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2017 முதல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட இடங்களை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அன்று மேடையில் பரிசு வாங்கிய பல பிள்ளைகளை அவர்களுடைய முப்பதுகளில் என் அறையில் சந்தித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரு கடனாளியின் குரலில்தான் பேசுகிறார்கள். கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. உங்கள் ஆசிரியை அன்பினால்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனாலும் அது அவருடைய எதிர்பார்ப்பு. உங்கள் தலையில் எழுதப்பட்ட கணக்கு என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தோடு விட்டால், "மதிப்பெண்ணை மறந்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்று நான் சொல்வதாகிவிடும். அப்படிச் சொல்வது உங்களுக்குச் செய்யும் அநியாயம். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு வேதனைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கூச்சம்: தோழி மேடையில், நீங்கள் கீழே நாற்காலியில் என்ற அந்த மாலைப்பொழுது தந்தது. பார்ப்பவர் யாரும் இல்லாவிட்டால் அது தணிந்துவிடும். மற்றது பசி: எட்டு மணி நேரம் கோப்புகளைப் பார்த்துவிட்டு, பேருந்தில் காவேரிப்பட்டினம், காரிமங்கலம் கடந்து வீடு வந்து, சமைத்து, மகளைத் தூங்கவைத்த பிறகு, யாருடைய மகனுடைய கணக்கையோ வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை விழித்திருக்கச் செய்வது. அங்கே மேடையும் மாலையும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. இருந்தும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் "வீண் பழக்கம்" என்று ஒதுக்கிய அந்த வரியைப் படித்தபோதுதான், இந்தப் பெண்ணிடம் கணிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கூச்சத்துக்கு மருந்தாக எடுக்கும் முடிவு பசியைத் தீர்க்காது. குரூப் 1 பற்றி உங்கள் அலுவலக நண்பர்கள் சொல்வதை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினர் அதை 39 வயது வரை எழுதலாம் என்பதால், நீங்கள் அவர்களுள் ஒருவரானால் உங்களுக்கு இன்னும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் துணை ஆட்சியர் வேலை என்பது நிர்வாகம். மக்கள், நிலம், சட்டம், நெருக்கடி இவற்றோடு புழங்குவது. அதில் உங்களுக்கு விருப்பம் உண்டு என்று கடிதத்தின் எந்த வரியும் சொல்லவில்லை. அந்தப் பதவியை நீங்கள் அடைந்தால் திண்ணையில் இரண்டாவது படம் ஒன்று மாட்டப்படும். எதிர்வீட்டுப் பையனின் கணக்கு நோட்டுக்கு அப்போதும் இரவு ஒரு மணிதான் கிடைக்கும். நிர்வாகப் பணி வேண்டும் என்று உள்ளபடியே தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். தோழிக்குச் சமமாக நிற்பதற்காக என்றால் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் நெட் தேர்வுக்கு ஏன் 4 ஆண்டுகளாக விண்ணப்பிக்கவில்லை? நேரமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் விண்ணப்பம் நிரப்ப அரை மணி நேரம் போதும் என்பது, நாள் முழுக்கப் படிவங்களோடு இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தடை வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளை 1998இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் முதலில் மிதமான கடினமுள்ள புதிர்களைக் கொடுத்தார்கள். பிறகு சிலரை "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நன்றாக வரக்கூடியவற்றையே கேட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியவற்றைக் கேட்டார்கள். நடுவில் மிகக் கடினமான ஒரு தொகுதியில் எல்லோரும் திணறினார்கள். அதன் பிறகு பழையபடி மிதமான புதிர்கள் வந்தபோது, முதல் வகைக் குழந்தைகள் தாங்கள் தொடக்கத்தில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். இரண்டாம் வகையினர் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

15 வயதில் மாவட்டமே "கெட்டிக்காரி" என்று பெயர் வைத்துவிட்ட உங்களுக்கு, நெட் எழுதித் தவறுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எழுதாதவரை, "வாய்ப்புக் கிடைத்திருந்தால் நானும் போயிருப்பேன்" என்ற நினைப்புப் பத்திரமாக இருக்கும். எழுதித் தவறினால் அந்தப் படம் பொய்த்துவிடுமோ என்று உள்ளூர ஓர் அச்சம். பல ஆண்டுகள் கதவைத் தட்டாமல் வாசலிலேயே நிற்பவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த அச்சத்தைத்தான். உங்களைச் சிக்கவைத்திருப்பது அலுவலக நாற்காலி என்று நினைக்கிறீர்கள். அந்தப் படத்துக்கும் அதில் ஒரு பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மாமா ராமானுஜனைச் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த உதாரணத்தை முழுதாகச் சொன்னால் அது வேறொன்றைக் காட்டுகிறது. ராமானுஜன் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அதற்கு முன் கல்லூரித் தேர்வுகளில் தவறியவர் அவர். அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். மாலை நேரங்களில் ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. குமாஸ்தாவாக இருந்தும் அவர் மேதை என்று இதை எடுத்துக்கொண்டால் உங்களுக்குப் பாரம்தான் கூடும். அவருடைய மேதைமையோடு நம்மில் யாரையும் ஒப்பிட வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, அதன் அருகிலேயே தம் கணிதத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனிதர், வெளியே ஓர் அறிஞருக்கு எழுதும் துணிவு என்ற மூன்றும் அவருக்கு வாய்த்தன. உங்களிடம் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லாத 11 ஆண்டுகள்தாம் உங்களை வாட்டியிருக்கின்றன.

ஆகவே வேலையை விட வேண்டாம். இதைக் கோழைத்தனமான அறிவுரை என்று நினைக்காதீர்கள். சம்பளம் நின்றுவிட்டால், கணிதம் உடனே பிழைப்பாக மாற வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகள் தண்ணீர் ஊற்றாத செடியிடம் உடனே காய் கேட்பதற்கு அது சமம். வேலையை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றின் விவரங்களைச் சொல்கிறேன்.

கணிதத்துக்கான நெட் தேர்வை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் சார்பில் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு, அதை நீங்கள் கடந்திருக்கக்கூடும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. 2024 முதல் நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கணித அறிவியல் தாள் 200 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் சி பகுதியின் 60 வினாக்களில் 20ஐ எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், அவை எல்லாவற்றையும் கண்டால்தான் மதிப்பெண், தவறுக்குக் கழிப்பதில்லை. மனப்பாடம் அங்கே உதவாது. ஒரே வினாவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் உங்கள் இரவுப் பழக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான தேர்வை நான் அறியேன். ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டையும் முதலில் கையில் எடுங்கள். மற்றவை பெரும்பாலும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களும் பிறரும் நடத்தும் இந்தப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் ஒரு காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் கணக்கைப் பேருந்தில் கேட்டால் மட்டும் போதாது, கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. பணியில் இருப்பவர் தம் அலுவலகத்திடம் தடையின்மைச் சான்று பெற்றுத் தர வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகம் 6 ஆண்டுகள். அதற்கு மேல் மறுபதிவு வசதி உண்டு, பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுத் தளர்வும் உண்டு. நம் இரு மாவட்டங்களுக்கும் உரியது சேலத்தில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம். படிப்புக்கு அலுவலகத்தின் முன்அனுமதி பெறுவதில் எதுவும் வாய்மொழியாக இருக்க வேண்டாம்; கோப்பின் வழக்கம் தெரிந்தவர் நீங்கள். இன்னொன்று: எதிர்வீட்டுப் பையனுக்கு இப்போது போலவே பணம் வாங்காமல் சொல்லிக்கொடுங்கள். அனுமதியில்லாமல் கட்டணம் வாங்கி டியூஷன் எடுப்பது அரசு ஊழியரைத் தேவையற்ற தொல்லையில் மாட்டிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக நீங்கள் செய்ய வேண்டியது ஒரு துணையைத் தேடுவது. உங்களுக்கு எம்.எஸ்சி. வகுப்பில் பாடம் எடுத்த பேராசிரியர்களில் ஒருவரிடமாவது நீங்கள் சந்தேகம் கேட்ட நினைவு இருக்கும். ஒரு சனிக்கிழமை தருமபுரியிலேயே அவரைப் போய்ப் பாருங்கள். "நெட் எழுதப் போகிறேன், இந்த மூன்று கணக்குகளில் எனக்குச் சந்தேகம்" என்று சொல்லுங்கள். உங்கள் பணியைப் பற்றியோ இழந்த ஆண்டுகளைப் பற்றியோ விளக்கம் சொல்லத் தேவையில்லை. பெங்களூரில் இருக்கும் தோழிக்கும் எழுதலாம் என்று நினைக்கிறேன். இதைப் படித்ததும் உங்கள் முகம் சுருங்கும் என்று தெரியும். ஆனால் மேடையில் பார்த்த அவளைவிட, பள்ளியில் உங்களோடு படித்த அந்தச் சிறுமிக்கு எழுதுவது எளிது. ஆராய்ச்சி உலகின் உள்ளே இருந்துகொண்டு உங்களை ஊர்ப் பெயரோடு அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் தடுப்பவரா துணை நிற்பவரா என்பது எனக்குத் தெரியாவிட்டாலும், இரவு ஒரு மணி வரை நீங்கள் எதற்கு விழித்திருக்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம், சமையலறையிலிருந்து உங்களுக்கு விடுதலை வேண்டும் என்று கேளுங்கள். தூக்கத்தைத் திருடிப் படிப்பது ஆறு மாதம்கூடத் தாங்காது.

மகள் விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். 11 வயதுக் குழந்தைக்கு நீங்கள் இப்போது கொடுப்பது கணிதத்தை அன்று. உங்கள் படத்தின் பாரத்தைத்தான். அவளுடைய மதிப்பெண் பட்டியலை ஒரு பருவத்துக்காவது உங்கள் கணவர் பார்க்கட்டும். நீங்கள் உங்கள் நோட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விடை வராமல் தலையைச் சொறிவதை அவள் பார்க்கட்டும். அம்மாவுக்கும் கணக்கு வராமல் போகும், அம்மா அதற்காக அழுவதில்லை என்று அவள் அறிவது, மூன்று டியூஷனைவிட அவளுக்கு நல்லது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டியது என் கடமை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்தவற்றில்கூட, அந்த இரவுக் கணக்குகளில்கூட, நாட்டம் போய்விட்டதா? பசி மாறியிருக்கிறதா, உயிரோடு இருப்பதே சலிப்பாகத் தோன்றுகிறதா? இவற்றில் எதற்கேனும் ஆம் என்று பதில் வந்தால், தேர்வுக்கு முன் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் செல்லுங்கள். அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், அங்கே தமிழில் பேசுவார்கள். மனச்சோர்வு வந்திருந்தால் அது வாழ்க்கைத் தோல்வியின் அடையாளம் ஆகாது, சிகிச்சையால் தீரக்கூடிய நோய்.

அடுத்த நெட் அறிவிப்பு வந்ததும், முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். படித்து முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் தள்ளாதீர்கள். அந்த நாளுக்காகத்தான் 4 ஆண்டுகள் காத்திருந்தீர்கள். முதல் முறை தேர்ச்சி பெற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். எழுதிவிட்டு வந்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. சி பகுதியில் எந்த வினா வீடு திரும்பும் வழியெல்லாம் உங்களை விடாமல் துரத்தியது என்பதை மட்டும் எழுதுங்கள்.